முன்னுக்கு நிற்கிற ஒருத்தன்

அன்றைக்கு உதைபந்தாட்டத்தில் 5-1 என்று தோற்றோம். தோல்வியைவிட எனக்கு இன்றும் உறுத்துவது, ஆட்டம் முடிந்து பெடியள் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எல்லோர் முன்னிலையிலும் எங்கள் சென்டர் ஃபோர்வேர்டைப் பார்த்து நான் சொன்னதுதான்: “நீ ஒழுங்கா ஓடியிருந்தா இது நடந்திருக்காது.” அவன் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர்ப் போத்தலை மூடி வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிரவு அவனுக்குக் கடலில் வேலை இருந்தது.

நான் சான்றிதழ் பெற்ற பயிற்றுவிப்பாளர் இல்லை. பகலில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு கழகத்துப் பெடியளோடு மைதானம். கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லாத மணல் மைதானம். ஒரு கோல் கம்பத்தடியில் மட்டும் கொஞ்சம் புல் இருக்கும், அதையும் மேய்வதற்குச் சில நாட்களில் மான்கள் வந்துவிடும். திருகோணமலையில் மான் தெருவில் திரிவது எங்களுக்குப் புதினமில்லை. வெளியூர் அணிகள்தான் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள்.

மேலேறி நெருக்குகிற ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனது இரவு விழித்துப் பார்த்த போட்டிகளால். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் எங்களுக்கு நடுச்சாமம் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் தொடங்கும். 2019இல் லிவர்பூல் அந்தக் கிண்ணத்தை வென்ற பருவம் முழுக்க, பந்தைப் பறிகொடுத்த இடத்திலேயே அவர்கள் அதைத் திருப்பிப் பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கழகமோ அதுவரை பந்து கிடைத்தால் ஓங்கி அடித்துவிட்டு, முன்னுக்கு நிற்கிற இரண்டு பேரையும் ஓடவிடுகிற கழகம். நான் அதை மாற்றினேன். பின்னுக்கு நான்கு பேர், அவர்களுக்கு முன் இரண்டு பேர், அதற்கு மேலே மூன்று பேர், உச்சியில் ஒருத்தன். எதிரணியிடம் பந்து இருக்கும்போது அவர்களுடைய கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குக் கிட்டவே போய் நெருக்க வேண்டும் என்பது திட்டம்.

முதல் ஆட்டத்தில் 3-0 என்று வென்றோம். அதுதான் எங்களைக் கெடுத்தது. எதிரணி அன்று ஆள் சேராமல் இரண்டு பழையவர்களை இறக்கியிருந்தது என்பதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த ஆட்டம் மூதூர்ப் பக்கத்து அணி ஒன்றோடு. பந்தைக் காலடியில் வைத்து ஆடத் தெரிந்த பெடியள். எங்கள் நெருக்கலை அவர்கள் இரண்டே பாஸில் தாண்டினார்கள். அதுதான் அந்த 5-1.

அந்த ஆட்டத்தை அயல்வீட்டுப் பையன் ஒருவன் மதிலில் ஏறியிருந்து போனில் பிடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை கடையில் கிறீஸ் பிடித்த கையோடு அதைப் பார்த்தேன். இரண்டாவது கோலுக்குச் சற்று முன் நிறுத்தினேன். எங்கள் ஸ்ட்ரைக்கர், அதாவது அந்த சென்டர் ஃபோர்வேர்ட், அவர்களுடைய பின்களத்தின் நடுவில் நிற்கிற இரண்டு ஸ்டொப்பர்களுக்கும் இடையில் இங்குமங்கும் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் இருக்க வேண்டிய மூவர் இருபது மீற்றர் தள்ளி நடந்து வருகிறார்கள். பின்கள நால்வரைப் படத்தில் காணவே இல்லை. அவர்களைக் காட்டுவதற்குப் பையன் போனைத் திருப்ப வேண்டியிருந்தது! அடுத்த நாள் மைதானத்துக்குப் போய்க் காலடியால் அளந்தேன். ஸ்ட்ரைக்கர் நின்ற இடத்துக்கும் எங்கள் கடைசி ஆளுக்கும் இடையில் அறுபது மீற்றருக்கு மேல். மைதானத்தில் பாதிக்கும் மேலான நிலத்தை அவர்களுடைய நடுக்களத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, ஓடவில்லை என்று ஒரு பெடியனை ஏசியிருக்கிறேன்.

அன்று பின்னேரமே அவனைத் தேடிப் போனேன். கரைவலை இழுக்கிற இடத்தில் நின்றான். மன்னிப்பு என்கிற சொல் எனக்கு வாயில் வரவில்லை. “வீடியோ பார்த்தன் தம்பி, பிழை என்னிலதான்” என்றேன். அவன் கயிற்றை விடாமலே, “அண்ணா, இதில ஒரு பக்கம் மட்டும் இழுத்தா என்ன நடக்கும்?” என்று கேட்டான்.

கரைவலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தோணியில் போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் தள்ளித்தள்ளி நிற்கிற இரண்டு கூட்டம் இழுக்கும். அம்பா பாடி, ஒரே தாளத்தில். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் மற்றப் பக்கத்தால் போய்விடும். வலை கரைக்குக் கிட்ட வந்ததும் இரண்டு பேர் தண்ணீருக்குள் இறங்கி, கையால் அடித்து மீனை வெருட்டி, வலையின் பை போன்ற மடிப் பக்கம் திருப்புவார்கள். அவர்கள் ஒரு மீனும் பிடிப்பதில்லை.

“நான் அந்தத் தண்ணியில அடிக்கிற ஆள் அண்ணா. வலை வரேல்ல எண்டா நான் சும்மா குளிக்கிறன்” என்றான்.

அதற்குப் பிறகு நான் படித்தது, பரீட்சித்தது எல்லாமே இந்தப் பேச்சைத்தான் சுற்றிவந்தன. தனி ஸ்ட்ரைக்கரை வைத்து மேலேறி நெருக்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் மட்டத்து ஆட்டங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்: 35 நிமிடத்தில் ஒரு பாதி, மேடுபள்ளமான நிலம், வேலை முடித்து வருகிற ஆட்டக்காரர்கள்.

முதலில் அந்த ஒருத்தனின் ஓட்டம். எதிரணிக்கு ஸ்டொப்பர்கள் இரண்டு பேர், நமக்கு முன்னுக்கு ஒருத்தன். பந்து வைத்திருக்கிறவனை நோக்கி நேராக ஓடினால் அவன் பக்கத்து ஸ்டொப்பருக்குத் தட்டிவிடுவான். திரும்பி அங்கே ஓடினால் பந்து மறுபடி இங்கே. நாலு தரம் இப்படி ஓடினால் எந்தப் பெடியனுக்கும் மூச்சு முட்டும். பார்க்கிறவர்கள் “நல்லா உழைக்கிறான்” என்று கைதட்டுவார்கள், ஆனால் பந்து வெட்டப்படாது. செய்ய வேண்டியது பிறை மாதிரி வளைந்து ஓடுவது. இரண்டு ஸ்டொப்பர்களுக்கும் இடையிலிருக்கிற பாதையை உடம்பால் மறித்தபடி, உள்ளிருந்து வெளியே போக வேண்டும். அப்போது பந்து வைத்திருக்கிறவன் முன்னால் ஒரே ஒரு வழிதான் திறந்திருக்கும், அது கோட்டுப் பக்கம். மைதானத்தைப் பாதியாக வெட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பாதிக்குள் எங்கள் ஆட்கள்தான் அதிகம்.

எப்போது ஓடத் தொடங்குவது என்பது இதைவிட முக்கியம். பந்து ஒருவன் காலில் நின்ற பிறகு ஓடத் தொடங்கினால் பிந்திவிட்டோம், அவன் தலையை நிமிர்த்திப் பார்த்துவிடுவான். பந்து ஒரு ஸ்டொப்பரிலிருந்து மற்றவருக்கு உருண்டுகொண்டிருக்கிற அந்த ஒன்றரை, இரண்டு செக்கனுக்குள் ஓட்டத்தின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். கடைசி மூன்று மீற்றரில் வேகத்தைக் குறைத்து, குறுகிய அடி வைத்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். எங்கள் பெடியனுக்குக் கடினமாக இருந்தது இந்தக் கடைசி மூன்று மீற்றர்தான். பாய்ந்து விழுகிற பழக்கம். மணலில் பாய்ந்தால் எழும்ப நேரமெடுக்கும், அதற்குள் பந்து போய்விடும்.

ஓடாத நேரத்தில் எங்கே நிற்பது? ஸ்டொப்பர்களுக்கு முன்னால் நின்று பந்து வாங்குகிற நடுக்கள ஆளின் பாதையில். அவனுக்குப் பந்து போகாதபடி நிழல் போல நின்றால் போதும். ஒரு பாதியில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஸ்ட்ரைக்கர் இப்படி நடந்தும் நின்றும்தான் இருக்க வேண்டும். மதிலில் இருக்கிற பெரியவர்கள் “சோம்பேறி” என்று கத்துவார்கள். கத்தட்டும்.

எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை ஆட்டத்துக்கு முன்பே தீர்மானிப்போம். எதிரணி உடம்பைச் சூடாக்கப் பந்து தட்டும்போது நான் எங்கள் பக்கத்தை விட்டுவிட்டு அவர்களைத்தான் பார்ப்பேன். பின்களத்தின் ஓரத்தில் நிற்கிற எந்த சைட் பெக் முதல் தொடுகையிலேயே முகத்தைக் கோட்டுப் பக்கம் திருப்புகிறான்? எந்த ஸ்டொப்பருக்கு ஒரு கால் மட்டும்தான் வேலை செய்கிறது? அந்தப் பக்கம்தான் வலையின் மடி. கோட்டுக்கு வெளியே பாஸ் கொடுக்க முடியாது என்பதால் கோடும் எங்களுக்கு ஒரு ஆள் மாதிரி நிற்கும்.

இனி பின்னால் வருகிறவர்கள். இங்கேதான் நான் லிவர்பூலைப் பார்த்துக் கெட்டுப்போனேன். அவர்களிடம் பெர்மினோ நடுவில் நின்று எதிரணியின் நடுக்கள ஆளை மறைப்பார், சாலாவும் மானேயும் வெளியிலிருந்து உள்ளே வளைந்து ஸ்டொப்பர்கள் மீது பாய்வார்கள். சைட் பெக்குக்குப் போகிற பாதையை அவர்களுடைய ஓட்டமே மறைத்துவிடும். பார்க்க அழகு. ஓரங்களில் ஆடுகிற எங்கள் விங் பெடியள் அதைச் செய்தபோது பந்து தலைக்கு மேலால் சைட் பெக்குக்குப் போனது, அவனைப் பிடிக்க ஆளில்லை. அந்த மாதிரி நெருக்க வேண்டுமானால் நடுக்கள மூவர் பக்கத்துக்குப் பக்கம் ஓடி ஓடி மூட வேண்டும். முழுநேர ஆட்டக்காரர்களுக்கு அது சரி. காலையிலிருந்து சீமெந்து மூட்டை தூக்கிவிட்டு வருகிறவனிடம் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் தலைகீழாக மாற்றினோம். ஸ்டொப்பரை நெருக்குவது ஸ்ட்ரைக்கரின் வேலை. அவன் வளையத் தொடங்கியதும், அவன் மறைத்துக்கொண்டிருந்த நடுக்கள ஆளை அவனுக்குப் பின்னால் நிற்கிறவன் எடுத்துக்கொள்வான். பந்து இருக்கிற பக்கத்து விங், சைட் பெக்கை எடுப்பான், ஆனால் பந்து அவனை நோக்கிப் புறப்பட்ட பிறகுதான். முந்திப் போனால் ஸ்டொப்பர் வேறு வழி பார்த்துவிடுவான். மற்றப் பக்கத்து விங் அவனுடைய ஆளை விட்டுவிட்டு மைதானத்தின் நடுவுக்கு வந்துவிட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்கத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது. “என்ர ஆள் அங்க தனிய நிக்கிறான் அண்ணா” என்று பதறுவார்கள். தனியே நிற்கட்டும், நெருக்குப்பட்டிருக்கிறவன் நாற்பது மீற்றர் குறுக்கே அங்கே அடிக்க முடியாது. அடித்தால் அந்தப் பந்து காற்றில் இருக்கிற நேரத்தில் நாங்கள் திரும்பிவிடலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தலையிடி பின்கள நால்வர். மேலே ஏறச் சொன்னால் பத்து மீற்றர் ஏறுவார்கள், பந்து அசைந்ததும் பதினைந்து மீற்றர் இறங்குவார்கள். எங்கள் மூத்த ஸ்டொப்பர் வெளிப்படையாகவே சொன்னான்: “முன்னுக்கு இருக்கிறவன் பிழை விட்டா ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குப் பின்னால பந்து விழுந்தா ஊரே என்னைத்தான் ஏசும்.” அவன் சொன்னது நியாயம். ஒரு வாரத்துக்கு முன் ஊர் முன்னால் ஏசினது நான்தானே.

1989இலும் 1990இலும் அடுத்தடுத்து ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஏசி மிலான் அணியின் பயிற்றுவிப்பாளர் அரிகோ சாக்கி, கடைசிப் பின்கள வீரனுக்கும் முன்கள வீரனுக்கும் இடையில் இருபத்தைந்து மீற்றர்தான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். அது மிலான். நான் எங்களுக்கு முப்பத்தைந்து வைத்தேன். சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசியில் ஸ்ட்ரைக்கர்தான் பழைய நைலோன் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தான். முப்பத்தைந்து மீற்றர் அளந்து வெட்டி, ஒரு முனையை அவனும் மறுமுனையை மூத்த ஸ்டொப்பரும் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் இடையில் அவரவர் இடத்தில் நிற்க, நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணி மாதிரி இங்குமங்கும் நடந்தேன். எல்லோரும் நடக்க வேண்டும், ஓடக்கூடாது. கயிறு நிலத்தில் தேயவும் கூடாது, கையை இழுக்கவும் கூடாது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் மூன்றாவது ஞாயிறு கயிறில்லாமலே அந்த இடைவெளி காலில் பதிந்துவிட்டது.

மேலே ஏறி நிற்கிறவர்கள் மேலேயே நிற்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எதிரணியில் பந்து வைத்திருக்கிறவன் தலையைக் குனிந்திருந்தால், அல்லது அவனுக்கு முன்னால் எங்கள் ஆள் நின்றால், நால்வரும் ஏறலாம். அவன் தலை நிமிர்ந்து, முன்னால் ஒருவரும் இல்லாமல், காலைப் பின்னுக்கு எடுத்தால் உடனே திரும்பி இறங்க வேண்டும். ஓஃப்சைட் பொறியை, அதாவது வரிசையாக ஏறி எதிரணி ஆளைப் பின்னால் விட்டுக் கொடி தூக்கவைப்பதை, நம்பாதீர்கள். எங்கள் மட்டத்து ஆட்டங்களில் கொடி பிடிக்கிறவர் பெரும்பாலும் யாராவது ஒரு பழைய ஆட்டக்காரர். நாற்பது பாகை போலச் சுடுகிற வெய்யிலில் அவரும் எங்கள் கடைசி ஆளுக்கு நேரே ஓடிக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்ப்பது பாவம். கையைத் தூக்கிக்கொண்டு நின்ற எங்கள் ஆட்கள் இரண்டு கோல் வாங்கித் தந்திருக்கிறார்கள். இன்னொன்று, தன்னுடைய பாதிக்குள் நிற்கிறவனுக்கு ஓஃப்சைடே இல்லை. எங்கள் வரிசை நடுக்கோட்டைத் தாண்டினால் அவர்களுடைய வேகமான பெடியன் கோட்டுக்கு அந்தப் பக்கம் சும்மா நின்று புறப்படுவான். அதனால் நடுக்கோட்டுக்கு ஐந்தாறு மீற்றர் இப்பாலேயே நிறுத்திவிட்டேன்.

பின்கள வரிசை ஏறினால் கோல் கீப்பரும் ஏற வேண்டும். 2014 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியாவோடு ஜெர்மனி மேலதிக நேரத்தில் 2-1 என்று வென்ற ஆட்டத்தில், ஜெர்மனியின் கீப்பர் நொயர் பெட்டியை விட்டு வெளியே ஓடிவந்து காலாலும் தலையாலும் பந்தை அப்புறப்படுத்தியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கீப்பரிடம் அதைக் காட்டியதும் தவறாகிப்போனது. அடுத்த ஆட்டத்தில் தேவையில்லாத பந்துக்கெல்லாம் ஓடிவந்தான். பிறகு ஒரு கணக்கு வைத்தோம்: பந்து அவர்களுடைய பாதியில் இருந்தால் பெட்டிக் கோட்டுக்கு வெளியே நாலைந்து அடி, எங்கள் பாதிக்குள் வந்துவிட்டால் உள்ளே. வெளியே வருவதென்றால் பந்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டும். சந்தேகம் வந்தால் வராதே.

அப்புறம், எப்போது எல்லோரும் சேர்ந்து பாய்வது. ஐரோப்பாக்காரர்கள் இதற்குப் பல அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள்: பின்னோக்கிப் போகிற பாஸ், கீப்பருக்குப் போகிற பாஸ், தன்னுடைய கோலைப் பார்த்தபடி பந்து வாங்குகிறவன், காற்றில் எழும்பி விழுகிற பந்து. மணல் மைதானத்தில் இவற்றையெல்லாம் விடப் பெரிய அடையாளம் முதல் தொடுகை. எங்கள் மண்ணில் பந்து துள்ளாத இடத்தில் துள்ளும், உருள வேண்டிய இடத்தில் நிற்கும். பத்துத் தொடுகையில் நாலு பிசகும். பந்து காலைவிட்டு ஒரு மீற்றர் நகர்ந்தால் அதுதான் நேரம். நாங்கள் அதற்கு “பூட்டு!” என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். சொல்கிறவன் ஸ்ட்ரைக்கர் இல்லை, அவனுக்குப் பின்னால் நிற்கிறவன். முன்னுக்கு நிற்கிறவனுக்குப் பின்னால் யார் வந்துவிட்டார்கள் என்று தெரியாது, முதுகில் கண்ணில்லையே. ஆட்கள் சேரவில்லை என்றால் பின்னால் நிற்கிறவன் “நில்” என்பான், ஸ்ட்ரைக்கர் மறுபடி நிழலாக நிற்பான். இந்த இரண்டு சொல்லும் வந்த பிறகு அவன் வீணாக ஓடுகிற ஓட்டம் பாதியாகக் குறைந்தது. சரி, பாதி என்பது என் கண் கணக்கு.

நாங்களே பந்தைப் பறிகொடுத்தால் கிட்ட நிற்கிற மூவர் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை அந்த இடத்திலேயே நெருக்க வேண்டும். ஐந்துக்குள் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு இறங்கி வரிசைக்குப் போய்விட வேண்டும். ஆறாவது, ஏழாவது செக்கனிலும் துரத்துகிறவன்தான் ஓட்டையை உண்டாக்குகிறவன்.

கோல் கிக் பற்றி ஒரு வார்த்தை. 2019இல் விதி மாறியது. முன்பு பந்து பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகுதான் அடுத்த ஆள் தொடலாம், இப்போது உதைத்து அசைந்ததுமே பெட்டிக்குள் நிற்கிற தன் ஆள் வாங்கலாம். நாங்கள்தான் பெட்டிக்கு வெளியே நிற்க வேண்டும். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இங்கேயும் அணிகள் கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்டொப்பரை நிறுத்திச் சின்னதாகத் தட்டத் தொடங்கிவிட்டன. எங்களுக்கு அதைவிட நல்ல காரியமில்லை. ஸ்ட்ரைக்கர் பெட்டிக் கோட்டில் ஒரு பக்கம் சாய்ந்து நின்று, அவர்கள் தட்டியதும் வளைவான். ஆனால் கோல் கிக்கில் ஓஃப்சைட் கிடையாது என்பதைப் பின்கள நால்வரும் மறந்துவிடக்கூடாது. அந்த நேரத்தில் வரிசையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து நிற்க வேண்டும்.

இனிக் காற்று. ஆனி, ஆடியில் தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி அடிக்கிற கச்சான் காற்றில் ஆடாதவனுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தொண்டை காயும், கண்ணில் மணல் விழும், மைதானத்தோரம் கச்சான் கடலை விற்கிறவர்கூட அன்று கடதாசிச் சரையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் நெருக்குகிற அணிக்கு இந்தக் காற்று ஒரு பாதியில் நண்பன், மறுபாதியில் எதிரி. எதிரணி காற்றுக்கு எதிரே அடிக்கும்போது அவர்களுடைய நீளப் பந்து நடுவானில் நின்று விழும். எங்கள் பின்களம் பயமில்லாமல் ஏறலாம். திசை மாறியதும் அதே உதை எங்கள் கீப்பரின் தலைக்கு மேலால் போகும். நாணயச் சுழற்சியில் வென்றால் பக்கத்தையோ முதல் உதையையோ தெரிவுசெய்யலாம் என்பது இப்போதைய விதி. நாங்கள் பக்கத்தைத்தான் கேட்போம், முதல் பாதியில் காற்று எங்கள் முதுகில் இருக்கும்படி. கால் புதிதாக இருக்கும்போது மேலேறி நெருக்குவோம். இரண்டாம் பாதியில் ஸ்ட்ரைக்கரை நடுக்கோட்டுக்குக் கிட்ட இறக்கி, அங்கேயிருந்துதான் “பூட்டு”.

முதல் பாதியிலும் முப்பத்தைந்து நிமிடமும் நெருக்க முடியாது. முதல் பத்து நிமிடம், தண்ணீர் இடைவேளைக்குப் பிறகு ஐந்து நிமிடம், கோல் அடித்தாலும் வாங்கினாலும் அதற்கடுத்த சில நிமிடம். மற்ற நேரம் இறங்கி நின்று மூச்சு வாங்குவோம். நோன்பு மாதத்தில் இதையும் செய்வதில்லை. எங்கள் அணியில் கிண்ணியாவிலிருந்து வருகிற இரண்டு பேர் நோன்பு பிடித்துக்கொண்டே ஆடுவார்கள், இருவருமே நடுக்களம். அவர்களை ஓடவிட்டு நெருக்குவதைவிட, அந்த மாதம் பழையபடி நீளப் பந்து ஆடித் தோற்பது எனக்குச் சம்மதம்.

மூதூர்ப் பக்கத்து அணியோடு மறுபடி ஆடினோம். 1-1. பழிவாங்கின கதையாக முடிந்திருந்தால் எழுத நன்றாக இருந்திருக்கும், ஆனால் அவர்கள் எங்களைவிட நல்ல அணிதான். எங்கள் கோல் வந்த விதம் மட்டும் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. அவர்களுடைய இடது ஸ்டொப்பருக்குப் பந்து உருள்கிறது, எங்கள் பெடியன் உள்ளிருந்து வளைகிறான், ஸ்டொப்பர் சைட் பெக்குக்குத் தட்டுகிறான், பந்து ஒரு துள்ளுத் துள்ளுகிறது. “பூட்டு!” விங் பந்தைப் பறித்து, நடுவுக்கு வந்திருந்த மற்ற விங்குக்குத் தள்ளினான், கோல். ஸ்ட்ரைக்கர் அந்த நேரம் கோலுக்கு முப்பது மீற்றர் தள்ளி மணலைத் தட்டிக்கொண்டு நின்றான். பந்து அவன் காலில் படவே இல்லை.

அவனை ஐம்பதாவது நிமிடத்தில் வெளியே எடுத்தேன். தனி ஸ்ட்ரைக்கரை எழுபது நிமிடமும் வைத்திருந்தால் நெருக்கல் கடைசியில் செத்துவிடும், அதற்கென்றே ஒரு ஆளைக் கரையில் வைத்திருக்க வேண்டும். மதிலில் இருந்த பெரியவர் ஒருவர், “கோல் அடிக்காத சென்டர் ஃபோர்வேர்ட் எதுக்குத் தம்பி?” என்று கேட்டார். 2018இல் பிரான்ஸ் உலகக் கிண்ணம் வென்றபோது அவர்களுடைய தனி ஸ்ட்ரைக்கர் ஜிரூ அந்தத் தொடரில் ஒரு கோலும் அடிக்கவில்லை என்றேன். 2018–19 பிரீமியர் லீக்கில் சாலாவும் மானேயும் ஆளுக்கு 22 அடிக்க, நடுவில் நின்ற பெர்மினோ 12தான் என்றேன். அவர் கேட்டுவிட்டு, “அது வெள்ளைக்காரன்ர கதை” என்றார். பக்கத்தில் இருந்தவர் கரைவலையில் தண்ணீரில் அடிக்கிற ஆளைச் சொன்னார். அதற்கு அவர் தலையாட்டினார்.

அந்தப் பெடியன் போன வருடம் வேலைக்குக் கத்தார் போய்விட்டான். அங்கே வெள்ளிக்கிழமைகளில் ஆடுகிறானாம், விங்கில். அவனுடைய இடத்துக்குப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் வந்திருக்கிறான். நல்ல வேகம், இரண்டு காலாலும் அடிப்பான். பந்து வைத்திருக்கிறவனைக் கண்டால் நேராகத்தான் ஓடுகிறான், நாலு தரம் ஓடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறான். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிறு விடிய ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், மூத்த ஸ்டொப்பரையும்தான். கயிறு கடையில் டயருக்குப் பின்னால் கிடக்கிறது, ஒரு முனையை எலி கடித்திருக்கிறது. முடிச்சுப் போட்டால் முப்பத்துநாலு மீற்றர் வரும்.